கல்லுப்புப் புராணமும் கரிசக்காட்டுக் கழுத்தும்

டிஸ்கி (கடைசியில போட்டா யாரும் படிக்கிறதில்லை, அதனால மேலேயே): நான் டாக்டர் இல்லை. எந்த உப்புக் கம்பெனியிலயும் எனக்குப் பங்கு கிடையாது. "எவ்வளவு வாங்குனே?"ன்னு கேக்கப்போற அனானி அண்ணாச்சிக்கு, இதுதான் பதில். மேல படிங்க.

"அயோடின் உப்பு வந்ததுக்கு அப்புறம்தான் தைராய்டு வந்துச்சு. நம்ம பாட்டன் பூட்டன் கல்லுப்பு தின்னான், ஒருத்தனுக்கும் தைராய்டு கிடையாது. பாக்கெட் உப்பைத் தூக்கிக் குப்பையில போடு, கல்லுப்புக்கு மாறு, மாத்திரையை நிறுத்து." வாட்ஸப்புல இது ஆடியோவா வருது, படமா வருது, பச்சை எழுத்துல கவிதையாக்கூட வருது. சரி, வாட்ஸப்புன்னா அப்படித்தான்னு விட்டுட்டேன். ஆனா நல்லா எழுதற, நாலு புஸ்தகம் படிச்ச சக பதிவர்களும் "பாரம்பரியம் காப்போம்"னு இதையே பதிவாப் போடறாங்க, கீழே நாப்பது பேர் "அருமை, பகிர்வுக்கு நன்றி"ன்னு பின்னூட்டம் போடறாங்க. அதுதான் தாங்கலை.

கோவில்பட்டிச் சுத்துப்பட்டுக்காரன் நான். எங்க ஊருக்கும் தூத்துக்குடி உப்பளத்துக்கும் 60 கிலோமீட்டர்தான். சங்க காலத்து உமணர்ல ஆரம்பிச்சு, மாட்டுவண்டி, சைக்கிள், இப்ப குட்டி யானை வரைக்கும் உப்பு எங்க கரிசக்காட்டுக்குள்ள வந்துகிட்டேதான் இருக்கு. கல்லுப்பு மேல எனக்கு ஒரு பகையும் இல்லை. ஊறுகாய்க்கு கல்லுப்புதான் சரி. ரசத்துக்கும் அதான். சண்டை உப்போட இல்லை, உப்பைச் சுத்திக் கட்டுற கதையோட.

முதல்ல அந்தச் சுரப்பி என்ன செய்யுதுன்னு சுருக்கமாப் பாத்துருவோம். குரல்வளைக்குக் கொஞ்சம் கீழே, வண்ணத்துப்பூச்சி ரெக்கை விரிச்ச மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கும். எடை 20 கிராம் பக்கம், ரெண்டு ஸ்பூன் சீனி அளவு. அது செய்யற சரக்கு முக்கியமா ரெண்டு: டி4, டி3. இந்த 4, 3ங்கறது வேற ஒண்ணுமில்லை, ஒவ்வொரு மூலக்கூறுலயும் எத்தனை அயோடின் அணு இருக்குங்கற எண்ணிக்கை. அதாவது அயோடின் இல்லைன்னா சரக்கே இல்லை. உடம்பு தானா அயோடினை உண்டாக்கவும் முடியாது. வாய் வழியாத்தான் வரணும். பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிக்கு 250ன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது.

இந்தச் சரக்கு ரத்தத்துல போய் இதயம் எவ்வளவு வேகமாத் துடிக்கணும், சோறு எவ்வளவு வேகமா எரியணும், குடல் எவ்வளவு வேகமா நகரணும்னு எல்லாத்துக்கும் வேகம் குறிக்குது. குறைஞ்சா எல்லாமே மந்தம்: அசதி, எடை, மலச்சிக்கல், முடி கொட்டறது, தோல் வறட்சி, மாதவிலக்குல அதிகப் போக்கு, கொலஸ்ட்ரால் ஏறறது, காரணமில்லாத சோகம். கத்திரி வெயில்ல கோவில்பட்டியில ஒரு பொம்பளை "குளுருது"ன்னு போர்வை கேட்டா, அது பேயும் இல்லை, நடிப்பும் இல்லை. கூடினா நேர் எதிர்: படபடப்பு, கை நடுக்கம், தின்னாலும் மெலியறது.

டிஎஸ்ஹெச்னு ரிப்போர்ட்ல போடறாங்களே, அதுல பாதிப் பேருக்கு குழப்பம். "தைராய்டு கம்மின்னு சொல்றாங்க, ஆனா நம்பர் ஜாஸ்தியா இருக்கே?" தீப்பெட்டி ஆபீஸ் பாத்தவங்களுக்கு இது லேசாப் புரியும். டிஎஸ்ஹெச்ங்கறது மேஸ்திரி போடற சத்தம். மேஸ்திரி உக்காந்திருக்கிற இடம் மூளைக்கு அடியில, பிட்யூட்டரி. வேலைக்காரன் சரியா வேலை பார்த்தா மேஸ்திரி மெதுவாப் பேசுவார். சரக்கு குறைஞ்சா கத்துவார். நம்பர் ஏறுதுன்னா கத்தல் ஏறுதுன்னு அர்த்தம். அவ்வளவுதான்.

இப்ப கல்லுப்புக் கணக்குக்கு வருவோம். "கடல் உப்புல இயற்கையாவே அயோடின் இருக்கு, அதை எடுத்துட்டு கெமிக்கல் அயோடினைக் கலக்குறான்"ங்கறது புராணத்தோட முதல் காண்டம். ஒரு பேப்பர் எடுங்க. ஒரு லிட்டர் கடல் தண்ணியில உப்பு சுமார் 35 கிராம். அதே லிட்டர்ல அயோடின் அதிகபட்சம் 60 மைக்ரோகிராம். பாத்தியில காயும்போது அயோடின்ல பெரும்பங்கு கடைசியா ஒதுக்கித் தள்ளுற கசப்புத் தண்ணியோட போயிரும். போகலைன்னே வெச்சுக்குவோம், உங்களுக்காக ஒரு சலுகை. அப்படிப் பாத்தாலும் 10 கிராம் உப்புல 17 மைக்ரோகிராம்தான் வருது. தேவை 150. அப்ப இயற்கை வழியில அயோடின் வேணும்னா, தினம் 88 கிராம் கல்லுப்பு திங்கணும். தின்னா தைராய்டு பத்திக் கவலைப்படற அளவுக்கு நீங்க இருக்க மாட்டீங்க :-)

அயோடின் உப்புல கடைக்கு வரும்போது பத்து லட்சத்துக்கு 15 பங்காவது அயோடின் இருக்கணும்ங்கறது விதி. 10 கிராம் உப்புக்கு அது எவ்வளவு வருது? சரியா 150 மைக்ரோகிராம். அந்த 15 எங்கேருந்து வந்துச்சுன்னு இப்ப தெரியுதா? யாரோ கம்பெனிக்காரன் போட்ட நம்பர் இல்லை, ஒரு வாயும் ஒரு சுரப்பியும் சேந்து போட்ட நம்பர்.

இந்துப்பு, இமயமலைப் பிங்க் உப்புன்னு வேற ஒரு கோஷ்டி இருக்கு. அது பாகிஸ்தான் கேவ்ரா மாதிரிச் சுரங்கத்துல வெட்டி எடுக்கற சாதாப் பாறை உப்பு. சொல்லிக்கிற மாதிரி அயோடின் கிடையாது. கிலோவுக்கு பல மடங்கு விலை குடுத்து இல்லாததை வாங்குறது ஒரு திறமைதான்.

"அந்தக் காலத்துல யாருக்கும் தைராய்டு இல்லை." ரெண்டாம் காண்டம். அந்தக் காலத்துல யாரு பாத்தா? டி4ஐ தனியாப் பிரிச்சு எடுத்ததே 1914 கடைசியில, கெண்டல்ங்கற அமெரிக்கர். ரத்தத்துல டிஎஸ்ஹெச் அளக்கற வசதி வந்தது 1960களுக்கு அப்புறம். அது எங்க ஊர்ப் பக்கத்து லேபுக்கு வந்து சேர இன்னும் எத்தனையோ வருஷம் ஆச்சு. அதுக்கு முன்னாடி அதே நோய்க்கு வேற பேரு: "சோம்பேறி முண்டம்", "ஊதின உடம்பு", "காத்துக் கருப்பு பட்டவ", "புள்ளை தங்காதவ". பேரு இல்லைங்கறதால நோய் இல்லைன்னு சொல்றது, தராசு வாங்கறதுக்கு முன்னாடி வீட்டுல யாருக்கும் எடையே இல்லைங்கற மாதிரி.

எதிர்த்தரப்புல அரை உண்மை ஒண்ணு இருக்கு. அதை மறைச்சா நானும் அவங்க மாதிரிதான். அயோடின் சேர்த்த பிறகு ஒரு சமூகத்துல தைராய்டு குறைபாடு கொஞ்சம் கூடறதுண்டு. டென்மார்க்ல 2000ல உப்புல அயோடினைக் கட்டாயமாக்கினப்ப, கூடவே உக்காந்து எண்ணிப் பாத்தாங்க. குறைபாட்டு நோயாளிகள் ஓரளவு கூடத்தான் செஞ்சாங்க. காரணம், நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியே தைராய்டை எதிரின்னு நினைச்சுத் தாக்குற ஹாஷிமோட்டோ நோய். அந்தச் சுபாவம் உள்ளவங்களுக்கு அயோடின் கூடும்போது அது கொஞ்சம் முன்னாடியே தலை காட்டலாம். ஆனா டென்மார்க் உப்பைத் தூக்கிக் குப்பையில போடலை. அளவைச் சரி பாத்துக்கிட்டாங்க, திட்டம் தொடருது. ஏன்னா மறுபக்கத்துல இருக்கிற நஷ்டம் அதைவிடப் பெரிசு. அதைக் கீழே சொல்றேன்.

நம்ம ஊரு கணக்கும் இருக்கு. சென்னை உட்பட எட்டு இந்திய நகரங்கள்ல 5,000க்கும் மேற்பட்ட பெரியவங்களைப் பரிசோதிச்ச ஆய்வு 2013ல வந்துச்சு. தைராய்டு குறைவு 10.95 சதவீதம். பத்துல ஒருத்தருக்கு மேல. ஆம்பளைகளைவிடப் பொம்பளைகளுக்கு அதிகம். "பாத்தியா, எல்லாம் அயோடின் உப்பு!"ன்னு குதிக்காதீங்க. அதே ஆய்வுல அஞ்சுல ஒருத்தருக்கு மேல அந்தத் தன்னைத்தானே தாக்குற எதிர்ப்பொருள் ரத்தத்துல இருந்துச்சு. பெரியவங்களுக்கு வர்ற தைராய்டு குறைவுல பெரும்பாலானது இந்த ஜாதி. அயோடின் உப்பு தின்னா இது போகாது. கல்லுப்புக்கு மாறினாலும் போகாது. உப்பு அதுக்கு மருந்தும் இல்லை, விஷமும் இல்லை. ரெண்டு தனித்தனி விஷயத்தை ஒரே அம்மியில போட்டு அரைச்சதுதான் இந்தப் புராணம்.

இனி எங்க மண்ணுக்கு வர்றேன். மத்த ஊர்க்காரங்க எப்படியோ போகட்டும், எங்க கரிசக்காட்டுக்காரன் அயோடினோட விளையாடவே கூடாதுன்னு நான் சொல்றதுக்கு ரெண்டு காரணம் இருக்கு.

ஒண்ணு, கம்பு. மானாவாரி பூமி, கம்பும் சோளமும்தான் எங்க சோறு. கம்பங்கஞ்சியை இப்ப டவுன்ல தள்ளுவண்டியில விக்கிறாங்க, நானும் நின்னு குடிக்கிறேன். ஆனா கம்புல தைராய்டோட வேலையை மறிக்கிற சில பொருள்கள் இருக்குன்னு 1980கள்லேயே கண்டுபிடிச்சாச்சு. சூடான்ல டார்ஃபூர் பகுதியில, கம்பையே முழு நேரச் சாப்பாடா வெச்சிருந்த கிராமங்கள்ல, முன்கழுத்துக் கழலை அதிகமா இருந்ததைத் தொட்டுத்தான் அந்த ஆராய்ச்சியே ஆரம்பிச்சுது. அதுக்காகக் கம்பை விட்டுறணுமா? வேண்டாம். அயோடின் போதுமான அளவு இருந்தா கம்பு ஒண்ணும் செய்யாது. அயோடின் குறைவா இருக்கும்போதுதான் அது வேலையைக் காட்டும். இப்ப "பாரம்பரிய உணவு முறை"ன்னு பதிவு போடறவங்க என்ன பேக்கேஜ் குடுக்கிறாங்கன்னு பாருங்க: மூணு வேளையும் கம்பு, கூட அயோடின் இல்லாத கல்லுப்பு. தேடிப் பிடிச்ச மாதிரி சரியா அந்தத் தப்பான ஜோடி! இதுல அதே பதிவுலயே "முட்டைக்கோஸ் தைராய்டுக்கு ஆகாது"ன்னு ஒரு எச்சரிக்கை வேற. கோஸை வாரத்துக்கு ஒரு நாள் பொரியல் வைக்கிறோம், அதுக்கு பயம். தினம் குடிக்கிற கம்பங்கூழைப் பத்தி மூச்சு இல்லை.

ரெண்டு, மருந்து. வைத்தியர் குடுக்கிற மருந்து இல்லை, வெடி மருந்து. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசின்னு இந்தப் பக்கம் பூரா தீப்பெட்டியும் பட்டாசும்தான் பொழப்பு. பெர்குளோரேட்னு ஒரு ரசாயனம். தைராய்டு ரத்தத்துலேருந்து அயோடினை உறிஞ்சறதுக்கு ஒரு வாசல் வெச்சிருக்கு. அந்த வாசல்ல பெர்குளோரேட் போய் முன்னாடி நின்னுக்கும், அயோடினை உள்ளே விடாது. இது யூகம் இல்லை. 1950கள்ல தைராய்டு கூடினவங்களுக்கு இதையே மருந்தாக் குடுத்தாங்க, அவ்வளவு நல்லா மறிக்கும். சிவகாசி வட்டாரத்துல பட்டாசு ஆலைகளைச் சுத்தி இருக்கிற நிலத்தடித் தண்ணியில இந்தப் பெர்குளோரேட் மத்த இடங்களைவிட ரொம்ப அதிகமா இருக்குன்னு 2013ல வெளியான ஓர் ஆய்வு அளந்து சொல்லியிருக்கு. இதை வெச்சு "இந்த ஊர்ல இத்தனை பேருக்குத் தைராய்டு"ன்னு கணக்குப் போட முடியாது, போடவும் மாட்டேன். ஆனா வாசல்ல நெரிசல் இருக்கலாம்னு தெரியும்போது, உள்ளே போகவேண்டிய ஆளையும் குறைக்கச் சொல்றவனுக்கு என்ன பேரு? அந்தத் தண்ணியைச் சுத்தம் பண்ணச் சொல்லி ஆலைக்காரங்களையும் அரசாங்கத்தையும் கேக்கறது பாரம்பரியக் காவலர்களோட வேலையில்லையாம். பாக்கெட் உப்பு மேலதான் அவங்களுக்குக் கோபம்.

இப்ப அந்தப் பெரிய நஷ்டம். இந்தப் பதிவே இதுக்காகத்தான்.

வயித்துல இருக்கிற சிசுவுக்குச் சொந்தத் தைராய்டு வேலை செய்ய ஆரம்பிக்கவே 12 வாரம் பக்கம் ஆகும். முழுசா வேகம் பிடிக்க இன்னும் சில வாரம். அதுவரைக்கும் அதோட மூளை கட்டப்படறது முழுக்க அம்மாவோட ஹார்மோனை வெச்சுதான். முதல் மூணு மாசத்துல பாதி, தான் மாசமா இருக்கிறதே அவளுக்குத் தெரியாது. தெரிஞ்ச பிறகு அயோடின் உப்புக்கு மாறிக்கலாம்னு சொல்ல முடியாது, அஸ்திவாரம் போட்டு முடிச்சிருப்பாங்க. கடுமையான பற்றாக்குறைன்னா பிள்ளைக்குக் காது கேக்காது, பேச்சு வராது, வளர்ச்சி இருக்காது. லேசான பற்றாக்குறைன்னா கண்ணுக்குத் தெரியற மாதிரி ஒண்ணும் இருக்காது, படிப்பு கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான். "எம்புள்ளைக்கு மண்டையில ஏறலை"ம்பாங்க. யாரும் உப்பு டப்பாவைப் பாக்க மாட்டாங்க. கழலையாவது கழுத்துல தெரியும். இது தெரியாது. தெரியாத நஷ்டத்தை வெச்சு எப்படி வேணும்னாலும் புராணம் எழுதலாம்.

எனக்கு மதினி முறையில ஒருத்தங்க, விளாத்திகுளம் பக்கம் வாக்கப்பட்டவங்க. தைராய்டு மாத்திரை போட்டுக்கிட்டு இருந்தாங்க. மாசமானதும் "வயித்துப் பிள்ளைக்கு இங்கிலீஷ் மாத்திரை ஆகாது"ன்னு மாமியார் சொல்லி நிறுத்தியாச்சு. கூடவே உப்பையும் மாத்தியாச்சு, ஃபார்வர்டு உபயத்துல. ஒரு நர்ஸம்மா அட்டையைப் பாத்துட்டுக் கேட்டதால மாட்டினாங்க. "நிறுத்தக்கூடாதும்மா, இப்பத்தான் கூட வேணும்"னு டாக்டர் அளவை ஏத்திக் குடுத்தாங்க. கர்ப்பத்துல தேவை கால் பங்குலேருந்து அரைப் பங்கு வரைக்கும் கூடும்ங்கறது எல்லா மகப்பேறு டாக்டருக்கும் தெரிஞ்ச பாடம். வாட்ஸப்புக்குத் தெரியாது. பிள்ளை இப்ப ஒண்ணாப்பு, வாய் நிக்காம பேசுறா. அந்த நர்ஸம்மா அன்னைக்கு லீவு போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு மதினிகிட்ட நான் கேக்கலை.

"மாத்திரையை நிறுத்தினேன், கல்லுப்புக்கு மாறினேன், பத்து நாளாச்சு, சூப்பரா இருக்கேன்"னு சாட்சி சொல்றவங்க பத்தியும் சொல்லணும். அவங்க பொய் சொல்லலை. தைராக்சின் மாத்திரையோட அரை ஆயுள் சுமார் ஏழு நாள். அதாவது நிறுத்தி ஒரு வாரம் ஆனாலும் உள்ளே பாதி இருக்கும். முழுசா வடிய அஞ்சாறு வாரம் ஆகும். முதல் ரெண்டு வாரம் பழைய மாத்திரைதான் அவங்களைத் தாங்கிப் பிடிக்குது, பேரு வாங்கறது கல்லுப்பு. ரெண்டு மாசம் கழிச்சு உடம்பு வீங்கிப்போய் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவங்க வீடியோ போடறதில்லை.

மாத்திரை போடறவங்களுக்கு ஒரு வார்த்தை. வெறும் வயித்துல தண்ணியோட போடுங்க, காப்பி அரை மணியிலேருந்து ஒரு மணி நேரம் கழிச்சு. இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரை நாலு மணி நேரம் தள்ளி. நம்ம ஊர் வெயிலுக்கு டப்பாவை ஜன்னல் ஓரத்துலயும் தகரக் கூரைக்கு அடியிலயும் வைக்காதீங்க, சூட்டுல வீரியம் போயிரும். நம்பர் லேசா ஏறியிருக்குன்னு ஒரே டெஸ்ட்டை வெச்சு ஆயுசுக்கும் மாத்திரை எழுதற டாக்டர்களும் உண்டு. அப்படின்னா ரெண்டு மாசம் கழிச்சுத் திரும்பப் பாக்கச் சொல்லிக் கேளுங்க. கேக்கறது உரிமை. தானா நிறுத்தறது வேற.

அரசியலுக்கு வர்றேன், ஏன்னா எதிர்த்தரப்போட கடைசி அஸ்திரம் அங்கேதான் இருக்கு. "உப்பு நம்ம உரிமை, 1930ல வேதாரண்யத்துல ராஜாஜி எதுக்கு நடந்தார்? இப்ப கம்பெனிக்காரனுக்காகக் கல்லுப்பைத் தடை பண்றான்."

அயோடின் உப்பு கம்பெனிக்காரன் கண்டுபிடிப்பு இல்லை. 1956ல இமாசலத்துக் காங்ரா பள்ளத்தாக்குல, டாக்டர் ராமலிங்கசுவாமி குழுவினர் ஊரை மூணாப் பிரிச்சு, ரெண்டு பகுதிக்கு அயோடின் சேர்த்த உப்பும் ஒண்ணுக்குச் சாதா உப்பும் குடுத்து வருஷக்கணக்கா கழுத்தைத் தடவிப் பாத்தாங்க. அயோடின் போன பகுதியில கழலை மளமளன்னு குறைஞ்சுது. அப்புறம் மூணாவது பகுதிக்கும் அதையே குடுத்தாங்க. 1962ல தேசியத் திட்டம் வந்துச்சு. பாக்கெட் உப்பு விளம்பரம் எல்லாம் அதுக்கு எத்தனையோ வருஷம் கழிச்சு.

தடை கதை கொஞ்சம் கூத்துதான். 1998ல அயோடின் இல்லாத உப்பைச் சாப்பாட்டுக்கு விக்கக்கூடாதுன்னு நாடு முழுக்கத் தடை. 2000ல வாஜ்பாய் அரசு நீக்குச்சு. 2006 மே மாசம் திரும்ப வந்துச்சு. 2011 ஜூலையில உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லாதுன்னுச்சு. "சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு"ன்னு நிறுத்திக்கிறாங்க பாருங்க, அங்கேதான் மோசடி. கோர்ட்டு சொன்னது, சாதா உப்பு தன்னளவுல கேடு விளைவிக்கிற பொருள் இல்லை, அதனால அந்தச் சட்டத்தோட அந்தப் பிரிவுல தடை போட அதிகாரம் இல்லைன்னு. அயோடின் உப்பு கேடுன்னு சொல்லலை. மாத்து ஏற்பாடு பண்ண அவகாசமும் குடுத்துச்சு. அதே வருஷம் வந்த உணவுப் பாதுகாப்பு விதிகள்ல அந்தத் தடை இருக்கு, இன்னைக்கும் இருக்கு. மாட்டுக்கு, பதப்படுத்தறதுக்கு, தொழிற்சாலைக்கு அயோடின் இல்லாததை விக்கலாம். மனுஷன் நேரா திங்கறதுக்கு விக்கக்கூடாது.

இதுல சின்ன உப்பளக்காரங்க கோபம் நியாயமானது. பாத்தியில வெயில்ல நின்னு வாரிக் குவிக்கிறவனுக்குக் கிடைக்கிறது சொற்பம், பாக்கெட் போடறவனுக்குக் கிடைக்கிறது மலை. ஆனா அதுக்கு மருந்து அயோடினை எடுக்கறது இல்லை, அந்தச் சின்ன உப்பளத்துக்கே அயோடினைக் கொண்டுபோறது. பொட்டாசியம் அயோடேட்டைத் தண்ணியில கரைச்சுக் கல்லுப்பு மேலயே தெளிக்கலாம். பெரிய விஞ்ஞானம் இல்லை, தூத்துக்குடியில நடக்கிற வேலைதான். அயோடின் போட்ட கல்லுப்பு பாக்கெட்டே அண்ணாச்சி கடையில கிடைக்குது. கல்லுப்பா அயோடினாங்கற சண்டையே பொய்ச் சண்டை!

அரசாங்கத்தை நான் விடப்போறதில்லை. உப்பு உற்பத்தியில குஜராத்துக்கு அடுத்து நிக்கிற மாநிலம் நம்மது. 2018-19ல நாடு முழுக்க எடுத்த அயோடின் கணக்கெடுப்புல, போதுமான அயோடின் உள்ள உப்பு போய்ச் சேர்ந்த வீடுகள் நாட்டு சராசரி 76.3 சதவீதம். தமிழ்நாடு 61.9. மாநிலங்கள்லயே கடைசி. கடலே இல்லாத நாகாலாந்து 99க்கு மேல. வெளியிலேருந்து மூட்டை கட்டி வர்ற உப்புல அயோடின் இருக்கு, பக்கத்து உப்பளத்துலேருந்து குட்டி யானையில வர்ற உப்புல இல்லை. உப்பு விளையற ஊர்ல உப்புக்குப் பஞ்சம்னு இதைத்தான் சொல்லணும். சத்துணவுக்கு அயோடினும் இரும்பும் சேர்த்த உப்பு குடுக்கத் தெரிஞ்ச அரசாங்கத்துக்கு, ஊருக்குள்ள சாக்குல வர்ற உப்பைச் சோதிக்கத் தெரியாதா?

"பிரஷருக்கு உப்பைக் குறைன்னு சொல்றாங்களே?" குறைங்க. நல்லாக் குறைங்க. குறைக்கிற அந்தக் கொஞ்ச உப்பு அயோடின் உப்பா இருக்கட்டும்.

கல்லுப்புதான் வேணும்ங்கறவங்களுக்கு ஒரு சமையக்கட்டு விஷயம். நம்ம பக்கம் கல்லுப்பை ரெண்டு தண்ணி அலசிட்டுத்தான் பரணியில போடுவாங்க, மண்ணு போகணும்னு. அயோடின் கல்லு மேலதான் பூச்சாட்டம் இருக்கும், அலசினா அலசின தண்ணியோட போச்சு. மண்ணு இருக்கும்னு சந்தேகம்னா அலசாதீங்க, கரைச்சுத் தெளிய வெச்சு உப்புத் தண்ணியா ஊத்துங்க. மூடி வைங்க. அடுப்புக்கு மேல் தட்டுல வைக்காதீங்க.

கடைசியா, வீட்டுல இப்பவே செய்யக்கூடிய வேலை ஒண்ணு. எஃப்எஸ்எஸ்ஏஐ சொல்லிக்குடுக்கற சோதனைதான். ஒரு உருளைக்கிழங்கை ரெண்டா வெட்டுங்க. வெட்டின பக்கத்துல உங்க வீட்டு உப்பைத் தூவி ஒரு நிமிஷம் விடுங்க. ரெண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்க. நீலம் வந்தா அயோடின் இருக்கு. எவ்வளவுன்னு இது சொல்லாது, இருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லும். கோவில்பட்டி, எட்டயபுரம், கழுகுமலை, கயத்தாறு, விளாத்திகுளம் பக்கத்துப் பதிவர்கள் எல்லாம் செஞ்சு பாத்துட்டு, பாக்கெட் உப்பா சாக்கு உப்பா, என்ன கலர் வந்துச்சுன்னு பின்னூட்டத்துல போடுங்க. "அருமை, பகிர்வுக்கு நன்றி" வேண்டாம். கலரைச் சொல்லுங்க.